வேண்டுதல் இல்லாத விரதம்

சில வருஷங்களுக்கு முன்பு, தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில், பினாங்கு ஜார்ஜ் டவுனில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் நடந்தது இது. நான் அங்கே தாதி, அதாவது நர்ஸ். தாதி என்றதும் உங்கள் மனக்கண்ணில் ஒரு பெண் வந்து நின்றால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இந்த ஊரில் தாதி என்றாலே 'மிஸ்ஸி'தான். மீசை, தொப்பை, நடந்தால் தரை அதிரும் எடை எல்லாம் இருந்தும் எனக்கும் அதே பெயர்தான். கொஞ்சம் யோசிக்கிறவர்கள் மட்டும் 'மிஸ்ஸி தம்பி' என்பார்கள். பழகிவிட்டது.

அந்த வருஷம்தான் நான் மனநலத் தாதிமைப் பயிற்சியை முடித்துவிட்டு வார்டுக்குத் திரும்பியிருந்தேன். நோயாளியின் மனநிலையை எப்படிக் கணிப்பது என்று அதில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆள் எப்படி உடுத்தியிருக்கிறார், கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, பேச்சு வேகமா மெதுவா, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எந்த விஷயத்திலாவது ஆசை மிச்சம் இருக்கிறதா, இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியுமா. இப்படிப் பேச்சோடு பேச்சாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது சின்ன வயசிலிருந்தே எனக்கு இருக்கிற வியாதி. அதற்கு ஒரு சான்றிதழே கொடுக்கிறார்கள் என்றால் விடுவேனா?

கண்ணில் பட்டவர்களையெல்லாம் கணிக்க ஆரம்பித்தேன். கடையில் தே தாரிக் டீ ஆற்றுகிறவர், மச்சான், எதிர்வீட்டுச் சீனக் கிழவர் என யாரும் தப்பவில்லை. ஒரு நாள் சாயங்காலம் என் மனைவியிடம் மிக மென்மையான குரலில், "இப்போ உன் மனநிலை எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நீங்க அந்தக் குப்பைய எடுத்துக் கீழ போட்டீங்கன்னா ரொம்ப நல்லா இருக்கும்" என்றாள். கணிப்பு முடிந்தது, குப்பையும் போனது.

வார்டிலும் எனக்கு அடி விழாமல் இல்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்லி ஆளின் கவனத்தைச் சோதிக்கிற ஒரு முறை உண்டு. எனக்குக் கணக்கு வராது. அதனால் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று விடையை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நூறு வேணாம் தம்பி, நூத்தி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?" என்றார். அவர் சரியாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. 'கவனம் நன்று' என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு கேள்வி, நாட்டின் பிரதமர் யார் என்பது. அந்தச் சில வருஷங்களில் பிரதமர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்; பதில் சொல்லும் முன் நல்ல புத்தியோடு இருந்தவர்களே ஒரு நொடி யோசித்தார்கள் என்பதால் அந்தக் கேள்வியை நான் அதிகம் கேட்கவில்லை.

இப்படி நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலத்தில்தான் அந்த அண்ணன் வந்து சேர்ந்தார்.

அறுபதை நெருங்கும் வயசு. பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமில் வீடு. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியோடு ஆயர் ஈத்தாமில் இருக்கும் மச்சினி வீட்டுக்கு வந்த இடத்தில், மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்துவிட்டார். உடம்பில் நீர் இல்லை, ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்திருந்தது. டிரிப் ஏற்றி, கொஞ்ச நாள் வைத்திருந்து பார்க்கலாம் என்று எங்கள் வார்டில் சேர்த்தார்கள்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வந்த உடனே அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தம்பி, இவரு தைப்பூச விரதம். ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் மரக்கறி. தரையிலதான் படுப்பாரு. அதிகம் பேச மாட்டாரு. நீங்க நம்ம ஆளு, உங்களுக்குச் சொல்லணுமா? மத்த மிஸ்ஸிங்ககிட்ட கொஞ்சம் சொல்லி வச்சிடுங்க."

சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். கல்யாணமான நாளிலிருந்து கோயில் வாசலோடு நின்றுவிடும் மனுஷனாம். அக்கா உள்ளே போய் அர்ச்சனை முடித்து வருவதற்குள் அவர் வெளியே இரண்டு சிகரெட் முடித்திருப்பாராம். "கேட்டா, உள்ள இருக்கிற சாமிக்கு நீ போதும்பாரு. இப்போ பாருங்க. எல்லாத்தையும் விட்டுட்டாரு. டீவி இல்ல, சிகரெட்டு இல்ல, கூட்டாளிங்க இல்ல. எப்பவும் ஒரே தியானம்தான். என் தங்கச்சி நம்பவே மாட்டேங்குறா."

எனக்கும் கேட்க நன்றாக இருந்தது. அண்ணனைப் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மழிக்காத தாடி. நெற்றியில் அக்கா பூசிவிட்ட திருநீறு. "சாமி, வணக்கம்" என்றேன். தலையை லேசாக அசைத்தார்.

எங்கள் வார்டு சிஸ்டர் மலாய்க்கார அம்மா. நோயாளி தரையில் படுப்பதா என்று முதலில் குதித்தார். "தரையில் இருப்பவர் எங்கேயிருந்து கீழே விழப்போகிறார்? நோயாளி விழுந்தார் என்று எழுதும் ரிப்போர்ட் ஒன்று நமக்கு மிச்சம்" என்று நான் மலாயில் எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பகலில் மட்டும் அனுமதித்தார்.

மறுநாள் டாக்டர் வந்தார். சீனப் பெண், வேலைக்குப் புதுசு. அண்ணனைப் பார்த்துவிட்டு என்னை ஓரமாக அழைத்தார். "இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, சுவரையே பார்க்கிறார். மனநல டாக்டரை ஒரு முறை வந்து பார்க்கச் சொல்லட்டுமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

நான் என்ன நினைக்கிறேன் என்று ஒரு டாக்டர் கேட்கிறார். என்னைப் பிடிக்க முடியுமா? தண்ணீர்மலை முருகன் கோயிலில் தொடங்கி, பால்குடம், காவடி, தரையில் படுப்பது, தாடி வளர்ப்பது, பேச்சைக் குறைப்பது என்று ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். விரதத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நான் விரதம் இருந்து கிழித்த கதையை மட்டும் சொல்லவில்லை. ஒரு வருஷம் பால்குடம் எடுப்பதாக வீட்டில் அறிவித்துவிட்டு, சில நாளிலேயே நாசி கண்டார் சோற்றுக் கடை வாசலில் குழம்பு வாசம் பிடித்தபடி நின்றவன் நான். வாசம் பிடித்ததற்கே விரதம் போய்விட்டதா என்று மனைவியிடம் சந்தேகம் கேட்டேன். "நின்னீங்களா, உக்காந்தீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "ஓ, அப்படியா. நீங்கள் இங்கே இருப்பது நல்லதாகப் போயிற்று" என்றார். மனநல டாக்டரை அழைக்கும் யோசனை அதோடு நின்றது. அன்று முழுக்க எனக்குச் சட்டை பட்டன் இறுக்கமாக இருந்தது.

அந்தப் பெருமையோடு அவருடைய மனநிலைக் கணிப்பை எழுதினேன். தாடி ஏன்? விரதம். தூக்கம் குறைவு ஏன்? தரையில் படுக்கிறார், விரதம். பேச்சு இல்லை, பசி இல்லை, டீவியில் நாட்டம் இல்லை? விரதம், விரதம், விரதம். ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறந்துவிட்ட திருப்தி எனக்கு.

அவருக்கு எதிர்க் கட்டிலில் ஒரு மெக்கானிக் இருந்தார். டிங்கி காய்ச்சல். ஆயர் ஈத்தாமில் பட்டறை வைத்திருப்பவர், கல்யாணமாகி ஒரு பிள்ளைக்கு அப்பா. அவரும் விரதம்தான், காவடி எடுக்கிற ஆள். இந்த மனுஷன் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. காலையில் கண் விழித்ததும், "அண்ணே, ரத்த அணு ஏறிடுச்சா?" என்று கேட்பார். மத்தியானமும் அதே கேள்விதான். வார்டைக் கூட்டும் அம்மாவிடம்கூடக் கேட்டிருக்கிறார். கையில் டிரிப் ஊசியோடு தலைக்குக் குளித்துவிட்டு வந்து சிஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். "குளிக்காம எப்படிக்கா சாமி கும்பிடுறது?" என்று தமிழிலேயே அவரிடம் வாதம் செய்வார். சிஸ்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இருவரும் சளைக்காமல் சண்டை போடுவார்கள்.

ஒரு நாள் காலையில் நான் அந்த மெக்கானிக்கின் கை ஊசியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். குளித்துவிட்டு ஈரத்தலையோடு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, சோப்பு மணக்க உட்கார்ந்திருந்தார். தற்செயலாகத் திரும்பி எதிரே பார்த்தேன். அண்ணனின் நெற்றியில் திருநீறு இருந்தது. ஆனால் அது முந்தின நாள் சாயங்காலம் அக்கா பூசியது. வியர்வையில் ஊறி, ஒரு பக்கம் புருவத்தில் வழிந்து, தலையணையில் பாதி ஒட்டிக்கொண்டது போக மிச்சம்.

ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. இவரும் விரதம், அவரும் விரதம். விரதக்காரர் எதை விட்டாலும் குளிப்பதை விடமாட்டார். சாப்பாடு பாதியாகும், குளியல் இரண்டு மடங்காகும். அதுதானே நம் வழக்கம்?

"எதிர்ல உள்ள அண்ணன்கிட்ட பேசினீங்களா?" என்று மெக்கானிக்கிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பேசாம இருப்பேனா? நம்ம விரதக்கார ஆளாச்சேன்னு போய் உக்காந்தேன். பால்குடமா காவடியா, எங்கேருந்து கெளம்புறீங்கன்னு கேட்டேன். தெரியலன்னாரு. வாங்க குளிச்சிட்டு வரலாம்னு கூப்பிட்டேன், நீ போன்னுட்டாரு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "ஒண்ணு கவனிச்சீங்களாண்ணே? நான் எப்ப வீட்டுக்கு விடுவீங்கன்னு உங்க உயிர எடுக்கிறேன். அவரு ஒரு தடவகூட கேக்கல லா."

நான் டாக்டருக்கு அவ்வளவு பாடம் நடத்தினேன். ஆனால் இது என் மண்டையில் ஏறவில்லை. தைப்பூச நேரத்தில் எங்கள் வார்டில் இருக்கிற ஒவ்வொரு தமிழனும் வீட்டுக்குப் போகத் துடிப்பான். ஒற்றைக் காலில் கட்டோடு மலை ஏறுகிறேன் என்று அடம் பிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த அண்ணன் அப்படி எதுவும் கேட்காமலே, மறுநாள் காலையில் வீட்டுக்குப் போவதாக இருந்தது. உப்பு சரியாகிவிட்டது, போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த அரிப்பு என்னை விடவில்லை. பிரஷர் பார்க்கிற சாக்கில் அவரிடம் போனேன். அவர் பாயில் இருந்தார். குனிந்து பார்ப்பதற்கு என் தொப்பை ஒத்துழைக்காது. அதனால் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருப்பது எப்படி என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

பிரஷர் பார்த்தேன். நன்றாக இருந்தது. சும்மா ஊர்க்கதை பேசுகிற மாதிரி ஆரம்பித்தேன்.

"அண்ணே, முருகன்கிட்ட என்ன வேண்டிக்கிட்டீங்க?"

நான் விடாமல், "பிள்ளைங்களுக்கா? அக்காவுக்கா? இல்ல, எனக்கு இந்தத் தொப்பை கரையணும்னா?" என்றேன். வழக்கமாக இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

அவர் சிரிக்கவில்லை. சுவரிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னார். "வேண்டிக்க ஒண்ணும் இல்ல தம்பி."

"அப்புறம் விரதம்?"

"விரதம்னு அவதான் சொன்னா." மூச்சு வாங்குகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார். "எனக்குச் சோறு எறங்கல. தூக்கம் வரல. யாருகிட்டயும் பேசப் பிடிக்கல. கட்டில்ல படுத்தா பொரண்டு பொரண்டு அவளையும் எழுப்பிடுறேன்னு கீழ படுத்தேன். ஏன்னு அவ கேட்டா. பதில் சொல்லத் தெரியல. அவளே, விரதமா, தைப்பூசம் வருதேன்னா. சரின்னுட்டேன். அதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் கேக்கல. நிம்மதியா இருந்துச்சு."

என் கையில் பிரஷர் பார்க்கும் பட்டை இருந்தது. அதைச் சுருட்டினேன், பிரித்தேன், மறுபடி சுருட்டினேன். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். சுற்றி வளைக்காதே, நேராகக் கேள், கேட்பதால் ஒருவருக்கு அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று. பயிற்சி முழுக்க அந்தக் கேள்வியை ஆங்கிலத்திலும் மலாயிலும் கேட்டுப் பழகியிருக்கிறேன். தமிழில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நம் வீடுகளில் அந்த வார்த்தையைச் சொன்னாலே வாயில் அடி விழும். அதுவும் விரதக்காரர் என்று நம்பப்படுகிற ஒருவரிடம், நெற்றியில் திருநீறு இருக்கும்போது, எப்படிக் கேட்பது? நகைச்சுவையாக ஏதாவது சொல்லி எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஆனால் எழுந்திருக்கவும் முடியவில்லை, நான்தான் தரையில் உட்கார்ந்திருந்தேனே.

"அண்ணே, செத்துப் போயிடலாம்னு நெனப்பு வருதா?"

கேட்டுவிட்டேன். எனக்குத் தொண்டை காய்ந்துபோனது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எதிரே மெக்கானிக் ஃபோனில் தன் மகளோடு கொஞ்சிக்கொண்டிருந்தார். யாரோ சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணன் மெல்லத் திரும்பி முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"வருது" என்றார்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டேன். எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்று. யோசித்து வைத்திருந்தார். அதை இங்கே எழுத மாட்டேன். கடைசியாக, எப்போது என்று நினைத்திருக்கிறார் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இன்னும் என் காதில் இருக்கிறது.

"தைப்பூசம் முடியட்டும்னு இருந்தேன் தம்பி. அவ சந்தோஷமா இருக்கா. இப்ப போய்க் கெடுக்கவேணாம்."

நான் என்ன படித்திருந்தாலும் இந்த இடத்துக்கு அதில் வசனம் இல்லை. "சொன்னதுக்கு நன்றிண்ணே" என்று மட்டும் சொன்னேன். "நாளைக்கு உங்கள வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். உங்களத் தனியாவும் விட மாட்டேன். இது சரியாக்கக்கூடிய வியாதிதான்." அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். சுமையை இறக்கி வைக்க இடம் கிடைத்த மாதிரி தோள் இரண்டும் தளர்ந்தன.

அவரை விட்டு நகரக்கூடாது. கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த அழைப்பு மணியை எட்டி அழுத்தினேன். சிஸ்டர் வந்து, தரையில் கிடந்த என்னைப் பார்த்து, "விழுந்துவிட்டாயா?" என்று மலாயில் பதறினார். ரிப்போர்ட் எழுத வேண்டிவரும் என்ற கவலை முகத்தில் தெரிந்தது. விஷயத்தைத் தணிந்த குரலில் சொன்னேன். அவர் முகம் மாறியது. "நீ அங்கேயே இரு. உன் மற்ற நோயாளிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சுற்றிலும் கிடந்த கத்தரிக்கோல், வயர் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் ஓடி வந்தார். அந்தச் சீனப் பெண்ணிடம், "நான் சொன்னது தப்பு" என்று சொன்னேன். அந்த வாக்கியம் சின்னதுதான், ஆனால் சொற்பொழிவைவிட அதைச் சொல்வதற்கு அதிக நேரம் பிடித்தது. "நீங்கள் சொன்னதும் நானும் கேள்வியை விட்டுவிட்டேன்" என்றார். உடனே மனநல டாக்டரை ஃபோனில் அழைத்தார்.

சாயங்காலம் அக்கா பஸ் பிடித்து வந்தார். கையில் டிபன் கேரியர், திருநீற்றுப் பொட்டலம். அண்ணன் பக்கத்தில் வேறு ஒரு மிஸ்ஸியை உட்கார வைத்துவிட்டு, நடைபாதையில் அக்காவை மறித்தேன். மனநல டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். குடும்பத்துக்குத் தெரியட்டும் என்று அண்ணனும் சம்மதம் சொல்லியிருந்தார். நான் பேசப் பேச, அக்காவின் முகத்தில் இருந்த பிரகாசம் கோபமாக மாறியது.

"என் புருஷனுக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா?"

"இல்லக்கா. மனசு சோர்ந்துபோற வியாதி. சீனி, பிரஷர் மாதிரி இதுவும் ஒண்ணு."

"நீங்கதான தம்பி விரதத்தப் பத்தி டாக்டருக்கே எடுத்துச் சொன்னீங்க? என் தங்கச்சிகிட்ட எவ்வளவு பெருமையா சொன்னேன் தெரியுமா?"

"ஆமாக்கா. நானும் ஏமாந்துட்டேன்."

அவர் டிபன் கேரியரை நாற்காலியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொட்டலத்தின் நூலைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு குரல் இறங்கியது. "அவரு குளிக்கல. எனக்குத் தெரியும். விரதத்துல குளிக்காம இருக்கலாமான்னு மனசுல ஓடுச்சு. கேட்டா, விரதம் இல்லன்னு சொல்லிடுவாரோன்னு பயந்து கேக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இப்பக் கேட்டா சொல்லுவாரா?"

"கேளுங்கக்கா."

உள்ளே போனார். பாயில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று முழுக்கக் கேட்கவில்லை. என் மூக்கு எவ்வளவு நீளமானாலும் அன்றைக்கு அதை மடக்கி வைத்துக்கொண்டு நாலு அடி தள்ளி நின்றேன். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்பது மட்டும் கேட்டது. "நீ சந்தோஷமா இருந்த" என்பதும் கேட்டது. அதற்கு அக்கா அவர் தோளில் ஓர் அடி வைத்தார், வலிக்காத அடி. அப்புறம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, குளிக்கிற ரூம்பு எங்க இருக்கு? சுடுதண்ணி வருமா?"

கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். அவரைக் கண் பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதால் நானும் பின்னாலேயே போனேன். கதவைத் தாழிடக்கூடாது என்று சொல்லி, ஒருக்களித்து வைத்த கதவுக்கு வெளியே காவல் நின்றேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம். "கையத் தூக்குங்க. இந்தக் கை இல்ல, அந்தக் கை. தலையில எவ்வளவு அழுக்கு பாருங்க. துறைமுகத்துல கரி மூட்டை தூக்குனவன்கூட இப்படி இருக்க மாட்டான்." அக்காவின் குரல் திட்டிக்கொண்டே நடுநடுவில் உடைந்தது. அந்தப் பக்கமாக வந்த மெக்கானிக் துண்டும் கையுமாக நின்று, "அண்ணன் குளிக்கிறாரா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லது. நான் அப்புறம் வரேன்" என்று திரும்பிப் போனார். அந்த மனுஷன் வேறு யாருக்கும் குளியலறையை விட்டுக்கொடுத்து அந்த வார்டில் நான் பார்த்ததில்லை.

தைப்பூசத்தன்று அண்ணன் மனநல வார்டில் இருந்தார். மெக்கானிக்கின் ரத்த அணு எப்படியோ ஏறி, அவர் தைப்பூசத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார். காவடி வேண்டாம், பால்குடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கெஞ்சியனுப்பினார். அக்கா அந்த வருஷம் மலைக்குப் போகவில்லை. பகல் முழுக்க அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தெருவில் தேங்காய் உடைக்கிறார்கள் என்று யாரோ ஃபோனில் காட்டியபோது, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றாராம். அங்கே வேலை பார்க்கும் கூட்டாளி சொன்னான்.

பல மாதங்கள் கழித்து இரண்டு பேரையும் மருத்துவமனை கேண்டீனில் பார்த்தேன். மருந்துக்காக வந்திருந்தார்கள். அண்ணன் தாடி மழித்து, கொஞ்சம் சதை போட்டிருந்தார். இன்னும் முழுக்கத் தேறவில்லை, சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் இருக்காது என்றார். நான் உட்கார்ந்ததும் என் பழைய வியாதி கிளம்பியது. எதனால் இப்படி ஆச்சுண்ணே என்று கேட்டேன். வேலை நின்றதா, யாராவது ஏதாவது சொன்னார்களா, உடம்பில் ஏதாவதா.

"அதான் எனக்கும் தெரியல தம்பி. இதுனாலதான்னு ஒண்ணும் இல்ல. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. எந்த நேரத்துல இருட்டாச்சுன்னு கவனிக்கல."

அக்கா குறுக்கே வந்தார். "இப்ப சிகரெட்டு மறுபடி ஆரம்பிச்சுட்டாரு. விரதத்துலயே விட்டிருக்கலாம்."

"பாத்தியா, இவளுக்கு இன்னும் விரதம்தான்" என்றார் அண்ணன். அவர் சிரித்ததை நான் அன்றுதான் முதல் முறை பார்த்தேன். மேல் பல் ஒன்று இல்லை.

கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நீ கேட்டது பெருசு இல்ல தம்பி. கேட்டுட்டு சும்மா உக்காந்திருந்த பாரு, அதான். நீ வேற ஏதாவது பேசியிருந்தா, நானும் அதப் பிடிச்சுக்கிட்டுத் தப்பிச்சிருப்பேன்."

அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. நான் சும்மா இருந்தது பயத்தில். தொண்டை காய்ந்து, அடுத்த வார்த்தை வராமல் போனதால். அதை அவர் பொறுமை என்று எடுத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைத் தமிழில் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன், இப்போது வாய் கூசுவதில்லை. 'இது எனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே' என்று மனசு துள்ளும்போதுதான் பிரேக் போட்டு இன்னொரு தடவை கேட்கிறேன். ஆனால் கேட்டுவிட்டு, ஒரு ஜோக்கைக்கூட நடுவில் எறியாமல், எதிரே இருப்பவர் தன் பதிலைத் தேடி எடுத்துக்கொண்டு வரும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான் இந்த வேலையில் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது, அப்படிக் காத்திருக்காமல் விட்டால் ஒருவரை இழந்துவிடுவோம் என்று தெரிந்திருந்தும்கூட.